முகவரிக் கணக்கை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

 இந்த மாதம் சுவர் இதழில் அறிஞர் வரலாறு எழுத வேண்டியது என் முறை. காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் எல்லாரையும் பற்றி நாம நிறைய எழுதியாச்சு. அதனால் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் கணக்கு டீச்சர், கடற்படை அதிகாரி, கம்ப்யூட்டர் மேதை, மூன்றும்தான். பெயர் கிரேஸ் ஹாப்பர்.

ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன்?

எங்க அக்கா பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிறாள். சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து வைக்கிற புரோகிராம். ஒவ்வொரு பெயருக்கும் கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தில் பெயரும் இருக்கும், அடுத்த பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற முகவரியும் இருக்கும். அந்த முகவரிக்குத்தான் பாயிண்டர் என்று பேராம். இப்படிக் கோர்த்த பட்டியலுக்கு லிங்க்டு லிஸ்ட் என்று சொல்லுவார்கள். அக்கா பட்டியலை அப்படியே ஃபைலில் சேமித்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் திறந்தால் முதல் பெயர் வந்தது. அடுத்ததுக்குப் போகும்போது புரோகிராம் நின்னு போச்சு. மூணு நாள் பார்த்தும் காரணம் தெரியலை. வீட்டுக்கு வந்து, இந்தப் படிப்பே எனக்கு வராது, நின்னுடப் போறேன் என்று சொல்லி அழுதாள்.

காரணம் என்னன்னு புரிய ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். நாம மைதானத்தில் சீட்டு தேடும் விளையாட்டு ஆடுவோமே, அதுதான். முதல் சீட்டில், அடுத்த சீட்டு வேப்பமரத்தடியில் என்று இருக்கும். அங்கே போனால், அடுத்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று இருக்கும். அதற்கடுத்தது கொடிக்கம்பத்தின் கீழே. இப்போ எல்லாச் சீட்டையும் பொறுக்கிக் கட்டு கட்டி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அங்கே வேப்பமரமே இருக்காது. தண்ணீர்த் தொட்டி இருந்தாலும் அதன் பின்னால் நம்ம சீட்டு இருக்காது. சீட்டு ஒன்றுகூடக் கிழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆனாலும் ஆட்டம் நடக்காது. அக்காவுக்கு நடந்தது இதுதான். புரோகிராம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நினைவகத்தில் வேறு வேறு இடம் கிடைக்கும். ஃபைலில் இருந்தது நேற்றைய முகவரி. இன்று அந்த இடத்தில் வேறு எதுவோ இருக்கிறது, அல்லது அந்த இடம் நமக்குச் சொந்தமே இல்லை.

இந்த முகவரித் தொல்லை சி மொழி பிறப்பதற்கு 20 வருடம் முன்னாலேயே ஒரு அம்மையாருக்கு வந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

கிரேஸ் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். அம்மாவுக்குக் கணக்கு என்றால் உயிர். தாத்தா நியூயார்க் நகரத்தின் பொறியாளர். தாத்தா நிலம் அளக்கப் போகும்போது பேத்தியும் கூடவே போவாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் வேலை. நம்ம ஊரிலும் சர்வேயர் வந்தால் முதலில் கல் எங்கே இருக்குன்னுதான் தேடுவார். அந்தக் கல்லிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் அளப்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏழு வயதில் கிரேசுக்கு அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஒன்றைப் பிரித்தாள். மறுபடி மாட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்து மாட்டலாம் என்று இன்னொன்றைப் பிரித்தாள். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் காலி! நம்ம வீடாக இருந்தால் முதுகில் விழுந்திருக்கும். கிரேசின் அம்மா, இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

அப்பாவுக்கு உடல்நலம் கெட்டு கால்களை எடுக்க வேண்டி வந்தது. ஆண் பிள்ளைக்குச் சமமாகப் பெண் பிள்ளைகளும் படித்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

கல்வி

வாசர் என்ற பெண்கள் கல்லூரியில் சேர கிரேஸ் தேர்வு எழுதினார். லத்தீன் மொழிப் பாடத்தில் ஃபெயில். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதி, 17 வயதில் சேர்ந்தார். பரீட்சையில் ஒருமுறை தவறினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

1928-இல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் எம்.ஏ., 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரைத் திருமணம் செய்துகொண்டார். 1945-இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஹாப்பர் என்ற பெயர் மட்டும் கடைசிவரை நிலைத்தது. படித்த வாசர் கல்லூரியிலேயே 1931 முதல் கணக்கு டீச்சராக வேலை பார்த்தார்.

கடற்படையில் சேர்ந்த கதை

இரண்டாம் உலகப் போர் வந்தது. கிரேஸின் கொள்ளுத் தாத்தா கடற்படைத் தளபதியாக இருந்தவர். தானும் கடற்படையில் சேர வேண்டும் என்று அம்மையார் ஆசைப்பட்டார். ஆனால் மூன்று தடை. வயது ஏறக்குறைய 37, அது அதிகம். எடை, இருக்க வேண்டியதைவிட சுமார் 7 கிலோ குறைவு. மூன்றாவது, கணக்குப் பேராசிரியர் வேலை நாட்டுக்குத் தேவையான வேலை, அதை விட்டு வரக்கூடாது. அம்மையார் விடவில்லை. கல்லூரியில் விடுப்பு வாங்கி, எடைக்குச் சிறப்பு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சிப் பள்ளியில் தன்னைவிட வயது குறைந்த பெண்களோடு படித்து, முதல் மாணவியாகத் தேறினார்.

 அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1944 ஜூலை 2-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பெரிய ஹாலில் மார்க் 1 என்ற கம்ப்யூட்டர் இருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். நம்ம வகுப்பறைக்குள் அடங்காது. ஆனால் ஒரு நொடிக்கு மூன்று கூட்டல்தான் போடும். இவ்வளவு பெரிய மெஷினில் எண்களைப் போட்டு வைக்க 72 இடம்தான். கட்டளைகளை நீளமான காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கொடுக்க வேண்டும். இந்த மெஷினுக்கு 561 பக்கத்தில் ஒரு கையேடு 1946-இல் வெளிவந்தது. அதை எழுதும் பொறுப்பு அம்மையாருடையது.

ஒரு சின்னச் செய்தி. 1947 செப்டம்பர் 9 அன்று மார்க் 2 என்ற அடுத்த மெஷினின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டு மெஷின் தகராறு செய்தது. பூச்சியை எடுத்து டேப் போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். புரோகிராம் தவறுக்கு பக் என்ற பெயர் அன்றுதான் வந்தது என்று பலர் சொல்லுவாங்க. அது சரியல்ல. அந்தச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. பூச்சியைக் கண்டுபிடித்ததும் அம்மையார் இல்லை. அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் அவர்.

நோட்டு கடன் வாங்கிய காலம்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளைத் தொகுப்பு எழுதினால், அது எல்லாக் கணக்குக்கும் உதவும். இப்படிப்பட்ட சின்னத் தொகுப்புக்குத் துணைநிரல் என்று பெயர். ஹார்வர்டில் ஒவ்வொருவரும் தன் துணைநிரல்களை நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். உன்னோட சைன் துணைநிரலைக் கொஞ்சம் குடு என்று ஒருவர் நோட்டை ஒருவர் கடன் வாங்கிக் காப்பி எடுத்தார்கள். நாம ஹோம்வொர்க்குக்குச் செய்வது போலத்தான்!

1949-இல் அம்மையார் பிலடெல்பியா நகருக்குப் போய் எக்கர்ட், மௌக்லி என்ற இருவர் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தார். யூனிவாக் என்ற புதிய மெஷின் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அதன் நினைவகத்தில் 1000 அறைகள். ஓர் அறைக்கு 12 எழுத்து. 0 முதல் 999 வரை ஒவ்வோர் அறைக்கும் எண் உண்டு. அந்த எண்தான் முகவரி. கட்டளைகளும் அந்த அறைகளில்தான் உட்காரும்.

இங்கே காப்பி எடுப்பதில் இரண்டு தொல்லை.

முதல் தொல்லை, கையெழுத்து. வெற்றிடத்துக்கு முக்கோணம் போல ஒரு குறி போடுவார்கள். அவசரத்தில் போட்டால் அது 4 மாதிரி தெரியும். ஆங்கில எழுத்து பி-யைக் கோணலாக எழுதினால் 13 ஆகிவிடும்.

இரண்டாவதுதான் பெரிய தொல்லை, முகவரி. நோட்டில் துணைநிரலை எழுதும்போது 0-வது அறையில் தொடங்குவதாக வைத்துத்தான் எழுதுவார்கள். அதற்குள் ஒரு கட்டளை, 7-வது அறைக்குப் போ என்று இருக்கும். ஆனால் என் புரோகிராமில் அந்தத் துணைநிரலை 400-வது அறையிலிருந்து வைக்கிறேன் என்றால், 7 என்று இருப்பதை 407 என்று மாற்ற வேண்டும். 12 என்று இருந்தால் 412. இப்படி உள்ளே இருக்கிற ஒவ்வொரு முகவரியோடும் 400-ஐக் கூட்ட வேண்டும். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாலும் மெஷின் நேராக 7-வது அறைக்குப் போய் அங்கே இருக்கிற சம்பந்தமில்லாத எதையோ செய்யும். வேப்பமரம் இல்லாத ஊரில் வேப்பமரத்தைத் தேடுவது மாதிரிதான்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள். ஆனாலும் கூட்டலில் தப்பு வந்துகொண்டே இருந்தது. அம்மையார் ஒன்றைக் கவனித்தார். மனிதர்கள் பிழையில்லாமல் காப்பி எடுப்பதில்லை, பிழையில்லாமல் கூட்டுவதும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு மெஷின் நிற்கிறது. காப்பி எடுப்பதற்கும் கூட்டுவதற்கும்தானே அதைச் செய்திருக்கிறார்கள்! இந்த வேலையை ஏன் மெஷினிடமே கொடுக்கக் கூடாது?

இவ்வளவுதான் யோசனை. கேட்டால் சின்னதாக இருக்கு. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் எண் கணக்கு போடுவதற்கு மட்டும்தான், புரோகிராமைத் தானே எழுதிக்கொள்ளாது என்றுதான் அப்போது பலர் நினைத்தார்கள்.

ஏ-0 பிறந்தது

அம்மையார் துணைநிரல்களை எல்லாம் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். இனிமேல் புரோகிராம் எழுதுகிறவர், இந்த எண், பிறகு அந்த எண் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும். மெஷினே நாடாவில் தேடி எடுத்து, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, உள்ளே உள்ள முகவரிகளை எல்லாம் கூட்டித் திருத்தி, முழுப் புரோகிராமையும் வெளியே கொடுத்துவிடும். இதற்கு ஏ-0 என்று பெயர். கம்பைலர் என்ற பெயரையும் வைத்தார், தொகுப்பான் என்று பொருள். 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்.

தாத்தா நிலம் அளந்தது ஞாபகம் இருக்கா? இதுவும் அதே கணக்குதான். துணைநிரலின் தொடக்கம்தான் அளவுக்கல். அந்தக் கல்லிலிருந்து எத்தனை அறை தள்ளி என்று மட்டும் எழுதி வைத்தால், கல்லை எந்த ஊரில் நட்டாலும் கணக்கு சரியாக வரும்.

இதை இவர் ஒருவர்தான் யோசித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வீலர் என்பவரும், துணைநிரலை ஏற்றும்போது முகவரியை மெஷினே திருத்திக்கொள்ள வழி செய்தார். நல்ல யோசனை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் பிறக்கலாம்.

கூடைப்பந்து சொல்லிக் கொடுத்த பாடம்

ஏ-0 எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. உருவாகும் புரோகிராமை மெஷின் துண்டு துண்டாக நாடாவில் எழுதிக்கொண்டே போகும். முன்னால் எழுதி முடித்த துண்டுக்குத் திரும்பிப் போ என்றால் கஷ்டமில்லை, அதன் முகவரிதான் தெரியுமே. ஆனால் இனிமேல் வரப்போகிற துண்டுக்குப் போ என்றால்? அது எந்த அறையில் உட்காரும் என்றே இன்னும் தெரியாது. தெரியும்போது இந்த இடம் நாடாவில் எழுதி முடிந்து போயிருக்கும்.

அம்மையார் கல்லூரி நாளில் கூடைப்பந்து ஆடியவர். அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகரக்கூடாது, ஒரு தடவைக்கு மேல் தட்டவும் கூடாது. அதனால் பந்தைத் தோழியிடம் போட்டுவிட்டு, முன்னால் ஓடிப் போய் நின்று, அவளிடமிருந்து மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டம் இங்கே ஞாபகம் வந்தது.

நினைவகத்தின் கடைசியில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கினார். அதற்கு நடுநிலை மூலை என்று பொருள் வரும்படி பெயர் வைத்தார். வரப்போகிற துண்டுக்குப் போக வேண்டுமா? இப்போதைக்கு மூலையில் உள்ள ஓர் அறைக்குப் போ என்று எழுதிவிட்டு, அந்தத் துண்டுக்கு ஒரு தகவல் காத்திருக்கிறது என்று குறித்து வைப்பார். பின்னால் அந்தத் துண்டு வந்து உட்காரும்போது, எனக்கு ஏதாவது தகவல் இருக்கா என்று பார்க்கும். இருந்தால் தன் முகவரியை மூலையில் எழுதி வைக்கும். அவ்வளவுதான், வழி சேர்ந்துவிட்டது.

நம்ம ஊரில் புதுசாக வீடு பார்க்கிறவர்கள், கடிதம் வந்தால் டீக்கடையில் கொடுங்க, வீடு கிடைத்ததும் நானே கடைக்காரரிடம் விலாசம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லுவாங்களே, அதே மாதிரி. விளையாடப் போனால் படிப்பு கெட்டுப் போகும் என்று சொல்கிற பெரியவர்கள் இந்தப் பகுதியையும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு செய்த பணிகள்

கட்டளைகளை ஏன் எண்களாகவும் குறிகளாகவும் எழுத வேண்டும், சாதாரணச் சொற்களில் எழுதினால் கடைக்காரரும் கணக்கரும்கூடப் புரிந்துகொள்வார்களே என்று அடுத்து யோசித்தார். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலதிகாரிகள் மறுத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, ஜெர்மன், பிரெஞ்சுச் சொற்களிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்து அவர்கள் மிரண்டுதான் போனார்களாம். மெஷினுக்கு எந்த மொழியும் ஒன்றுதான், எல்லாமே வெறும் குறிகள்தான் என்று நிரூபிக்கத்தான் அப்படிச் செய்தார். ஃப்ளோமேட்டிக் என்ற மொழி இப்படிப் பிறந்தது. 1959-இல் பலர் சேர்ந்த குழு கோபால் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கியபோது ஃப்ளோமேட்டிக்தான் முக்கிய அடிப்படையாக இருந்தது. அம்மையார் அந்தப் பணிக்கு ஆலோசகர். கோபாலில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் பல வங்கிகளில் ஓடுகின்றன.

1966 கடைசியில் வயது காரணமாகக் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஏழெட்டு மாதம்தான் வீட்டில் இருந்தார். 1967 ஆகஸ்டில் ஆறு மாத வேலைக்கு வாங்க என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் ஏறக்குறைய 19 வருடமாக நீண்டது! 1986 ஆகஸ்டில் ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றபோது வயது 79. அப்போது பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான். அதற்குப் பிறகும் சும்மா இருக்காமல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார்.

கூட்டங்களில் பேசப் போகும்போது சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டு போய் எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற நானோ நொடியில் ஒளி போகிற தூரம் அது. கண்ணுக்குத் தெரியாததைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தவர். கடைசிவரை அவர் டீச்சர்தான். அவர் அறைச் சுவரில் இருந்த கடிகாரம் எதிர்த்திசையில் ஓடும். எப்போதும் செய்கிற மாதிரியேதான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அடையாளம்.

விருதுகளும் மறைவும்

1969-இல் ஒரு சங்கம் கம்ப்யூட்டர் துறையின் அந்த ஆண்டின் சிறந்த ஆண் என்ற விருதை முதன்முதலாக வழங்கியது. வாங்கியவர் யார் தெரியுமா? நம்ம கிரேஸ் அம்மையார்! 1991-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 1992 ஜனவரி 1-ஆம் நாள் 85-வது வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கடற்படையில் சேர ஆசைப்பட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனவர் அல்லவா? 1996-இல் ஒரு போர்க்கப்பலுக்கே ஹாப்பர் என்ற பெயரை வைத்துக் கடலில் இறக்கிவிட்டார்கள். 2016-இல் அமெரிக்காவின் உயரிய சுதந்திரப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அக்காவின் புரோகிராம் என்ன ஆச்சு?

அக்காவின் ஆசிரியர் வழியைச் சொன்னார். அதை அக்கா எனக்குச் சொன்னாள், நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சீட்டு விளையாட்டை வேறு ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால், சீட்டில் மரத்தின் பெயரை எழுதக்கூடாது. ஒவ்வொரு சீட்டுக்கும் 0, 1, 2 என்று எண் போட்டு, அடுத்தது 2-ஆம் எண் சீட்டு என்று எழுத வேண்டும். கடைசிச் சீட்டில், இதற்கு அடுத்தது இல்லை என்பதற்கு அடையாளமாக -1. புது ஊரில் முதலில் எல்லாச் சீட்டுக்கும் புது இடம் கண்டுபிடித்து வைக்க வேண்டும். எந்த எண் சீட்டை எங்கே வைத்தோம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு சீட்டாகப் போய், எண்ணை அழித்துப் புது இடத்தை எழுத வேண்டும். சி மொழியிலும் இதேதான். ஃபைலில் முகவரி போகாது, வரிசை எண்தான் போகும். திரும்பப் படிக்கும்போது எண் மறுபடி முகவரியாக மாறும். படித்துக்கொண்டிருக்கும்போது, இன்னும் வராத ஓர் எண்ணைச் சுட்டினால், வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டு வைக்க வேண்டும். அம்மையாரின் மூலை வேலைதான் அது!

ஒற்றைச் சங்கிலியாக இருந்தால் வரிசையாக எழுதி வைத்தாலே போதுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அண்ணன் சீட்டும் தங்கை சீட்டும் அப்பா சீட்டைக் காட்டினால்? எண் போடாவிட்டால் அப்பாவை இரண்டு தடவை எழுதிவிடுவோம், திரும்பப் படித்தால் வீட்டில் இரண்டு அப்பா இருப்பார்கள்! கடைசிச் சீட்டு மறுபடி முதல் சீட்டையே காட்டினால்? எழுதி முடித்ததை அடையாளம் வைக்காவிட்டால் புரோகிராம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அக்கா இதைச் செய்தும் பெயர்கள் சரியாக வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவள் எழுதிய விதத்தில் பெயர் என்பதும் ஒரு முகவரிதான், எழுத்துகள் வேறு இடத்தில் இருந்தன. எழுத்து எத்தனை என்று எண்ணிக்கையை எழுதி, பிறகு எழுத்துகளையும் ஃபைலில் எழுதினாள். மறுநாள் திறந்தாள். எல்லாப் பெயரும் வரிசையாக வந்தது. அன்றைக்கு லேபிலிருந்து வீட்டுக்கு வந்தவள், படிப்பை நிறுத்துகிற பேச்சை எடுக்கவே இல்லை.

நாம் கற்றுக்கொள்வது

தோழிகளே, தோழர்களே! பெரிய படிப்பு படித்தவர்களுக்கும் இந்த முகவரிக் கணக்கில் தப்பு வந்தது. அதனால் நமக்கு வந்தால் நாம மக்கு என்று அர்த்தம் இல்லை. தப்பு எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்க்க வேண்டும். கிரேஸ் அம்மையார் நின்று பார்த்தார். கூட இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை, வேலை செய்கிற முறையை மாற்றினார்.

இரண்டாவது, இன்று நமக்குப் புரிகிற மாதிரி மட்டும் எழுதினால், நாளைக்கு வேறு இடத்தில் அது பயன்படாது. நோட்டில் குறிப்பு எழுதும்போதும் இப்படித்தான். மேலே சொன்னது போல என்று எழுதிவிட்டுப் பரீட்சைக்கு முதல் நாள் எடுத்துப் பார்த்தால், எது மேலே, எந்த நோட்டில் என்று நமக்கே தெரியாது. போன காலாண்டுத் தேர்வில் எனக்கு நடந்தது. இப்போ நான் பக்க எண் போட ஆரம்பித்திருக்கிறேன்.

ஒரு செய்முறை: அடுத்த விளையாட்டுப் பாடவேளையில் ஆறு சீட்டு எடுத்து, மைதானத்தில் ஒருமுறையும் வகுப்பறையில் ஒருமுறையும் எண் போட்டு ஆடிப் பாருங்கள். ஒரு சீட்டைக்கூட மறுபடி எழுதாமல் வகுப்பறையில் ஆட முடியுமா என்று கண்டுபிடித்து என்னிடம் சொல்லுங்கள். சரியாகச் சொல்கிறவர்களின் பெயர் அடுத்த இதழில் இடம்பெறும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி